212-ஆம் கிணறு: அழுத்தம் சைபர்

தம்பி மனைவியின் வலது கையில் முழங்கை வரைக்கும் கட்டு. இரண்டு புருவமும் கருகிப் போயிருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்து விட்டிருந்தேன் அண்ணி. அப்படியே திரும்பி அடுப்பைப் பத்த வெச்சேன். அவ்வளவுதான் பண்ணேன்," என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல.

ஜன்னலோரம் நின்ற தம்பி திரும்பவே இல்லை. லாரிப் பட்டறை மெக்கானிக். உடம்பெல்லாம் கிரீஸோடு அப்படியே ஓடி வந்திருந்தான். வெளியே பார்த்தபடியே பெண்டாட்டியிடம் சொன்னான்: "கேளு, உங்க அண்ணிகிட்டயே கேளு. 212 என்ன நிலைமைன்னு கேளு. புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லுவாங்க."

அக்கா சொல்வாள்தான். அதுதான் அவள் உத்தியோகமே. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற கிணறுகள் அந்தப் பக்கத்தில் முந்நூற்றுப் பதினெட்டு. எது ஓடுகிறது, எது தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறது, எது ஓய்ந்து போய்ச் சும்மா கிடக்கிறது, எதற்குள் சிமென்ட் இறக்கி நிரந்தரமாக அடைத்தாயிற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலைமை உண்டு. அந்த நிலைமையைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள். ஆபீஸில் எல்லோரும் 'நிலைமை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நடைபாதையில் போகிறவளை நிறுத்தி எண்ணைச் சொன்னால் போதும், நிலைமையைச் சொல்லிவிட்டு நடையை விடாமல் போவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

212: ஓய்ந்தது. அழுத்தம் சைபர். அபாயம் இல்லை. தம்பி வீட்டுப் பின்சுவரிலிருந்து அறுபது அடி தள்ளி, கம்பி வேலிக்குள் நிற்கிறது.

மூன்று வருஷமாக அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வீட்டு போர்வெல் தண்ணீர் குழாயில் சோடா மாதிரி நுரைக்கிறது என்றான். குழந்தைக்கு வாரம் இரண்டு நாள் தலைவலி, வாந்தி என்றான். போன வருஷம் குழாயடியில் நெருப்புக் குச்சியைக் காட்டி, தண்ணீரோடு சேர்ந்து நீலமாக எரிவதைப் போனில் படம் பிடித்து அனுப்பினான். அதை அவள் பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். "சாக்கடை வாயுவா இருக்கும்மா. நம்ம கிணத்துல அழுத்தமே இல்லையே," என்றார் அவர். வந்து அதையே தம்பியிடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். சாக்கடைக்காரர்களைக் கூப்பிடு என்றும் புத்தி சொன்னாள். அன்றோடு அவன் அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

"சாயங்காலம் டிஸ்சார்ஜ்," என்றான் இப்போது. "இவளைக் கூட்டிட்டு அதே வீட்டுக்குத்தான் போகணும். வேற எங்க போறது."

நாளை நாலு மணிக்கு இந்த வருஷத்து நிலைமைப் பட்டியலில் கையெழுத்து. 212-க்குப் பக்கத்தில் 'அபாயம்' என்ற ஒரு வார்த்தை ஏறினால் தீயணைப்புக்காரர்கள் தெருவைக் காலி செய்வார்கள். பதினான்கு வீட்டுக்கும் மாற்று வீடு கிடைக்கும். கிணற்றை அடைக்க ஆள் வருவார்கள். ஏறாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு எவன் வீடு எரிந்தாலும் சாக்கடை வாயுதான். இது அவளுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். ஆனால் சைபரைக் காட்டி அபாயம் என்று ஏற்ற முடியாது. ஏற்றினால் கம்ப்யூட்டரே துப்பிவிடும்.

ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. தம்பி மேல் கோபப்பட முகம் இல்லை. ஆஸ்பத்திரி மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது? அப்படியானால் அந்தச் சைபர் எங்கிருந்து வருகிறது? ஒரு மனுஷன் மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கிறான், அவள் வாங்கி ஏற்றுகிறாள். அந்த மனுஷன் கேஜ்காரர். நாற்பது கிணறுகளுக்குச் சுற்றிப் போய், அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து, தாளில் எழுதிக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அவள் புத்தியில் அன்றைக்கு அதுவே திருட்டு முழியாகப் பட்டது. போகாமலே நிழலில் உட்கார்ந்து சைபர் போடுகிறார், வேறென்ன?

ஆபீஸ் வண்டிக் கொட்டகையில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் கம்ப்யூட்டர் தாளை விசிறி எறிந்தாள்.

"ஒன்பது வருஷம். நூத்தியெட்டு மாசம். நூத்தியெட்டு சைபர். ஒரு தடவையாவது ஒண்ணு, ரெண்டுன்னு மாறாதா அண்ணே? எந்த மரத்தடியில உக்காந்து எழுதறீங்க?"

அவர் துணியை மடித்துக் கைப்பிடியில் போட்டார். "மாசா மாசம் ஒண்ணாந்தேதி போறேன் மேடம். முள் சைபர்ல நிக்குது. நான் வேற என்ன எழுத?"

"என் தம்பி பொண்டாட்டி கை வெந்து கிடக்கா. புள்ள வாந்தி எடுக்குது. உங்களுக்கு முள் சைபர்ல நிக்குதா?"

"குறிப்புல எழுதியிருக்கேனே மேடம்..."

"குறிப்பைக் கொண்டு குப்பையில போடுங்க. சம்பளம் வாங்கக் கை நீளுது, கிணத்துக்கு நடக்கக் கால் நீளலையா?"

கொட்டகையில் நாலு டிரைவர்கள் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கேஜ்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. முப்பத்திரண்டு வருஷ வேலையில் அவரை யாரும் இப்படி நாலு பேர் முன்னால் கேட்டதில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவிக் கொத்தை எடுத்தார். "வாங்க மேடம். நீங்களே வந்து பாருங்க," என்றார்.

ஜீப்பை அவர்தான் ஓட்டினார். தம்பி வீட்டுத் தெருவைத் தாண்டும்போது, அடுக்களை ஜன்னலுக்கு மேலே சுவர் கறுத்திருப்பதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வேலிப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கும், சாவி திரும்பாது, அப்போது இந்த ஆளை ஒரு வழி பண்ணலாம் என்று காத்திருந்தாள். பூட்டு எண்ணெய் போட்டு வைத்திருந்தது. தொட்டதும் திறந்துகொண்டது. உள்ளே போனதும் கதவின் பின்பக்கத் தகரத்தைக் கேஜ்காரர் திருப்பிக் காட்டினார். தகரம் முழுக்கத் தேதிகள். பெயின்ட் பேனாவால் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்பது வருஷத்து ஒண்ணாந்தேதிகள். மழை நாளில் எழுதியவை கொஞ்சம் வழிந்திருந்தன.

அவள் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையில்லை.

கிணறு என்றால் எட்டிப் பார்க்கிற பள்ளம் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒன்றன் மேல் ஒன்றாக வால்வுகள் வைத்த ஒரு பச்சை இரும்புக் கம்பம். அடியில், பூமிக்குள் போகிற வெளிக்குழாயின் பக்கத்தில், தட்டு அளவுக்கு ஒரு கேஜ். உள்ளே வாயு சேர்ந்தால் அதில்தான் காட்டும். கண்ணாடியை யாரோ பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, இவர்தான். முள் சைபரில் நின்றது. விரல் முட்டியால் தட்டினாள். சைபர். மறுபடியும் தட்டினாள்.

சரி, அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. அப்படியானால் தம்பி வீட்டுக் குழாயில் எரிவது என்ன? இவ்வளவு கோபத்தையும் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு, அதை இறக்கி வைக்க ஆளில்லாமல் போயிற்று.

"அதான் சீட்டு இருக்கே மேடம்," என்றார் கேஜ்காரர்.

"எந்தச் சீட்டு?"

அவர் குனிந்து காட்டினார். கேஜுக்கும் குழாய்க்கும் நடுவே கட்டைவிரல் தடிமனில் ஒரு சின்ன வால்வு. கைப்பிடி குறுக்கே இருந்தது. மூடியிருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடியைச் சுற்றிக் கம்பி முறுக்கி, அதில் ஒரு பிளாஸ்டிக் சீட்டு தொங்கியது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். வெயிலில் வெளுத்துப் பல் நிறத்துக்கு வந்திருந்தது.

வால்வு மூடியிருந்தால் கேஜுக்குக் குழாயோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பூமிக்குள் எரிமலையே இருந்தாலும் முள் சைபரில்தான் நிற்கும்.

"இதைத்தான் மேடம் குறிப்புல எழுதினேன். 'கேஜ் வால்வு மூடியிருக்கிறது, சீட்டு உள்ளது.' முதல் ரெண்டு வருஷம் மாசா மாசம் முழுசா எழுதினேன். மேல இருந்து யாரும் எதுவும் கேக்கல. அப்புறம் 'மேற்படி'ன்னு எழுத ஆரம்பிச்சேன். இன்னமும் எழுதறேன்."

"திறந்து பார்த்தா என்ன?" என்று கேட்டாள். கேட்டு முடிக்கும்போதே அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கேஜ்காரர் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "கட்டினவங்கதானே மேடம் அவிழ்க்கணும்."

ஆமாம், அதுதான் சட்டம். ஒவ்வொரு வேலிக் கதவிலும் பலகையில் எழுதித் தொங்குகிறது, ஒவ்வொருவர் கழுத்து அட்டைக்குப் பின்னாலும் அச்சடித்திருக்கிறது: சீட்டு கட்டியவரே அவிழ்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஒரு ஃபிட்டர் குழாய்க்குள் கையை விட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, இன்னொருவன் ஒத்தாசை செய்வதாக நினைத்து வால்வைத் திறந்துவிட்டான். அந்த ஃபிட்டர் உயிரோடு வரவில்லை. அதற்குப் பிறகு போட்ட சட்டம் அது. அடுத்தவர் சீட்டில் கை வைத்தவனைக் கையும் களவுமாகப் பிடித்து வேலைநீக்கம் செய்த தாளை அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். நல்ல சட்டம்தான். கட்டுகிறவர் திரும்பி வருவார் என்று நம்பிப் போட்ட சட்டம்.

"எந்த மகராசன் கட்டினது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டே குந்தினாள். மறுபடியும் ஒரு ஆள் கிடைத்துவிட்டான் என்று கோபம் குபுகுபுவென்று திரும்பி வந்தது. "கட்டிட்டுப் போய் ஒன்பது வருஷம் எட்டிப் பாக்கல. எவனா இருந்தாலும் சரி, அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து என் தம்பி பொண்டாட்டி முன்னால நிறுத்தறேன்."

கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தாள். மை போய்விட்டது. பால்பாயின்ட் பேனா அழுத்திய பள்ளம் மட்டும் இருந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள்.

'கேஜ் ஒழுகுகிறது. புதிது மாற்றும்வரை திறக்காதே.' கீழே பணியாளர் எண். நான்கு, நான்கு, ஒன்று, ஏழு. நான்கின் வாலைக் கீழே இறக்கி ஒரு சுழி சுழித்திருந்தது.

அந்தச் சுழியை அவள் பள்ளிக்கூடத்திலிருந்து போடுகிறாள். கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்தாள். 4417.

அது ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது அவள் மாடி ஆபீஸுக்கு வரவில்லை. வெயிலில் கிணறு கிணறாகச் சுற்றும் உதவியாளர். கேஜ் கசிந்தது, வால்வை மூடினாள், சீட்டு கட்டினாள், புதுக் கேஜ் கேட்டு ஸ்டோருக்கு எழுதினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். அன்று மாலையே பதவி உயர்வு உத்தரவு வந்தது, திங்கட்கிழமை மாடியில் சேர வேண்டும். ஒப்படைப்புப் புத்தகத்தில் 'கட்டிய சீட்டுகள்' என்ற இடத்தில், குதித்துக்கொண்டு, யோசிக்காமல், 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஸ்டோர் ஆள் வந்து புதுக் கேஜ் மாட்டியிருக்கிறான். சீட்டைத் தொடவில்லை. தொடக் கூடாது. பிறகு இந்த மனுஷன் மாதாமாதம் வந்து கண்ணாடியைத் துடைத்து, சைபர் எழுதி, குறிப்பும் எழுதி அனுப்பினார். அந்தத் தாள் யார் மேஜைக்கு வந்தது? அவள் மேஜைக்குத்தான். கம்ப்யூட்டரில் எண்ணுக்குக் கட்டம் உண்டு, குறிப்புக்குக் கட்டம் இல்லை. அதனால் எண்ணை மட்டும் ஏற்றினாள். நூற்றெட்டு முறை.

யார் சட்டையைப் பிடிப்பது? ஆள் கிடைத்துவிட்டது.

"குறடு குடுங்க அண்ணே."

"வேணாம் மேடம். யார் கட்டினதோ, நீங்க தொடக் கூடாது. நம்ம ரெண்டு பேர் வேலையும்..." என்று தொடங்கியவர் கண் அவள் அட்டையில் விழுந்தது. சீட்டைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். கொட்டகையில் வாங்கிய திட்டுக்கு அப்போது அவர் எது கேட்டிருந்தாலும் தகும். ஒன்றும் கேட்கவில்லை. குறட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றார். திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

கம்பி துருவேறி இரண்டு இழுப்பில் அறுந்தது. கைப்பிடி அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். கிரீச்சென்று கால் சுற்று திரும்பியது. முள் ஒரு நடுக்கம் நடுங்கி, நூறு, முந்நூறு என்று தாவி, அறுநூற்று நாற்பதில் போய் நின்றது. ஓய்ந்த கிணறாம். சைபராம்.

கேஜ்காரர் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். "எழுதட்டுமா மேடம்?"

"எழுதுங்க. குறிப்புலயும் எழுதுங்க. சீட்டு யாருதுன்னும் எழுதுங்க."

பிரிவுத் தலைவருக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் குரலை இறக்கி, பெற்ற மகளுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "நாளைக்குப் பட்டியல். இப்ப எதுக்குமா இதைக் கிளறறீங்க? 'மறு ஆய்வில் உள்ளது'ன்னு போடுவோம். மெதுவா பாத்துக்கலாம். சீட்டை எடுத்துட்டீங்கல்ல? அதைப் பையில போட்டுக்கிட்டு வந்துடுங்க. கேட்டா, கேஜ்காரர் சரியா பாக்கலன்னு முடிச்சுக்கலாம். ரெண்டு மாசத்துல போறவர்தானே."

கேஜ்காரர் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். போனின் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவள் கை சீட்டோடு பைக்குள் போகப் பார்த்தது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் கூசும்.

"சார், அவர் நூத்தியெட்டு தடவை எழுதிக் கொடுத்தார். நான்தான் படிக்கல. சீட்டு என்னுது. அதைப் பட்டியலோட சேர்த்து ஒட்டி அனுப்பறேன். நீங்க கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, இப்ப நான் தீயணைப்புக்குப் போன் பண்றேன்."

"உங்க வேலை போயிடும்மா."

"அந்தத் தெரு இருக்கட்டும் சார்," என்று வைத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரத்தில் இரண்டு சிவப்பு வண்டிகள் வந்தன. தெருவுக்கு மின்சாரத்தை வெளியே கம்பத்திலேயே நிறுத்தினார்கள். அதிகாரி ஒருவர் கையில் வாயு பார்க்கும் கருவியோடு தம்பி வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தார், நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார். ஜன்னல்களையெல்லாம் திறந்து காற்றாட விட்டு, வீட்டுக்கு ஒருத்தர், ஐந்து நிமிஷம், துணிமணி மட்டும் என்றார். யாரும் எதையும் பற்ற வைக்கக் கூடாது.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டி வந்து தெருமுனையில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தான். துணிகளை ஒரு போர்வையில் அள்ளிப் போட்டு வாசலுக்கு இழுத்து வந்தான். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு வருஷத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது.

"ஒரு வழியா நடந்துச்சே. இத்தனை நாளும் சைபர்னுதானே சொன்ன. யாரு ஏமாத்தினது அக்கா? அந்தக் கேஜ்காரனா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் இரண்டு நாள் நன்றாகப் பேசியிருப்பான். சொன்னாள். வால்வு, சீட்டு, வெள்ளிக்கிழமை, 'இல்லை' என்று எழுதியது, குறிப்பைப் படிக்காதது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னாள். கையிலிருந்த சீட்டையும் காட்டினாள்.

அவன் சீட்டைக் கையில் வாங்கவில்லை. "ஒன்பது வருஷமா?" என்று மட்டும் கேட்டான்.

"ஆமா."

"நான் மூணு வருஷமா உன்கிட்டதானேக்கா வந்து வந்து நின்னேன்."

தீயணைப்புக்காரர் விசில் ஊதினார். தரையில் கிடந்த கயிற்றை எடுத்து, போர்வையின் நாலு முனையையும் சேர்த்து மூட்டையைக் கட்டத் தொடங்கினாள். ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் போலிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றியிருப்பாள். தம்பி குனிந்து அவள் கையிலிருந்து கயிற்றை உருவினான்.

"நீ கட்டாதேக்கா," என்றான். குரலில் சத்தமே இல்லை. "நீ கட்டினா வேற யாரும் அவிழ்க்கக் கூடாது."

அவள் போட்ட சுற்றைப் பிரித்துவிட்டு அவனே கட்டினான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, புருவமில்லாமல் காத்திருந்தவளை நோக்கி நடந்தான். அக்கா கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனாள்.